முப்பத்தாறு வயதில் ஒரு படிப்பு

இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். காபி டம்ளரோடு உட்கார்ந்து படியுங்கள்.

இரண்டு வாரத்துக்கு முன்னால் பழைய மாணவன் ஒருவன் வீட்டுக்கு வந்தான். பெயர் சொல்லவில்லை. கூடப் படித்தவர்கள் கண்டுபிடித்துவிடுவீர்கள், கமெண்டில் போட்டுவிடாதீர்கள். நம் பொம்மையார்பாளையம் கடலோரத்துப் பையன், நாலாம் வகுப்பில் என்னிடம் படித்தவன். பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்து, பிறகு நேரடி இரண்டாம் ஆண்டில் சேர்ந்து பி.இ. படித்தான். ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனியில் பன்னிரண்டு வருடமாக வேலை. வயது 36.

"சார், எம்.பி.ஏ.வுல டெக்னாலஜி மேனேஜ்மென்ட்னு ஒண்ணு இருக்கு. வேலையை விடாம படிக்கலாம்னு பார்க்கறேன். வீட்ல எல்லாரும் சிரிக்கிறாங்க. இது உண்மையான படிப்பா, இல்ல பேருக்குப் பின்னால போட்டுக்கறதுக்கா? நீங்க சொல்லுங்க சார்" என்றான்.

"தெரியாதுப்பா. விசாரிச்சுச் சொல்றேன்" என்றேன்.

அப்படிச் சொன்னதற்குக் காரணம் உண்டு. இவன் டிப்ளமோ முடித்த வருடம் இவன் அப்பா என்னைத் தேடி வந்து, மேலே படிக்க வைக்கலாமா என்று கேட்டார். "போதும், வேலைக்கு அனுப்புங்க" என்று சொன்னவன் நான்தான். நான் படித்ததே இரண்டு வருட ஆசிரியர் பயிற்சிதான், அதுவே எனக்குச் சோறு போட்டது, அந்தக் கணக்கில் சொல்லிவிட்டேன். பையனுக்கு இரண்டு வருடம் வீணாய்ப் போனது. இந்தத் தடவை தெரியாமல் வாயைத் திறக்கக் கூடாது என்று பேத்தியின் மடிக்கணினியைக் கடன் வாங்கிப் பதினைந்து நாள் படித்தேன். படித்ததை உங்களுக்கும் சொல்கிறேன்.

முதலில் ஒரு அமெரிக்கர். பிரடெரிக் டெய்லர், 1856-ல் பிறந்தவர். ஹார்வர்டு நுழைவுத் தேர்வில் தேறியும் அங்கே போகவில்லை. ஒரு பட்டறையில் தொழில் பழகுநராகச் சேர்ந்தார். பிறகு மிட்வேல் என்ற இரும்பு ஆலையில் கூலியாளாக நுழைந்தார். வேலை செய்துகொண்டே படித்து 1883-ல் இயந்திரப் பொறியியல் பட்டம் வாங்கினார். மேலாண்மையை ஓர் அறிவியல் ஆக்கியவர் என்று இன்று பாடப் புத்தகங்கள் சொல்வது இவரைத்தான். எனக்கு அவரை முழுதாகப் பிடிக்கவில்லை. ஸ்டாப்வாட்சைப் பிடித்துக்கொண்டு தொழிலாளியின் ஒவ்வொரு அசைவையும் அளந்தவர். 1911-ல் வாட்டர்டவுன் ஆயுதத் தொழிற்சாலையில் அந்த முறையை எதிர்த்து வேலைநிறுத்தமே நடந்தது. ஆனாலும் ஒன்றைக் கவனியுங்கள். வேலைக்குப் போய்விட்டுப் பிறகு படித்தவர் அவர்.

அதே காலத்தில் ஹென்றி டவுன் என்ற பூட்டு ஆலை முதலாளி, 1886-ல் அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கத்தில் ஒரு கட்டுரை வாசித்தார். பொறியாளனுக்கு இயந்திரம் தெரிந்தால் மட்டும் போதாது, ஆலையை நடத்துகிற கணக்கும் தெரிய வேண்டும் என்பது அதன் சாரம். அது பாடமாக வர இன்னும் 28 வருடம் ஆனது. பாஸ்டன் பக்கத்து எம்.ஐ.டி.யில் 1914-ல் பொறியியல் நிர்வாகம் என்ற பாடப்பிரிவு தொடங்கியது. 1931-ல் அங்கேயே, ஏற்கெனவே வேலையில் இருக்கிறவர்களைக் கம்பெனிகளே அனுப்பிப் படிக்க வைக்கும் திட்டம் வந்தது. 1952-ல் அது தனிப் பள்ளியானது. பணம் தந்தவர் ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனியை நடத்திய ஆல்பிரட் ஸ்லோன், அதே எம்.ஐ.டி.யில் 1895-ல் மின் பொறியியல் முடித்தவர். கடைசியாக 1981-ல் 'தொழில்நுட்ப மேலாண்மை' என்ற பெயரிலேயே முதுகலைப் படிப்பு வந்தது. அதிலும் சேர்ந்தவர்கள் சில வருடம் வேலை பார்த்த பொறியாளர்களும் விஞ்ஞானிகளும்தான். முப்பத்தாறு வயதில் படிப்பா என்று சிரிக்கிற மைத்துனர்மார்கள் இந்தப் பத்தியை இன்னொரு முறை படிக்கவும்.

இனி நம் நாட்டுக்கு வருவோம். சென்னையில் 1794-ல் எட்டு மாணவர்களோடு ஒரு நில அளவைப் பள்ளி தொடங்கியது. அதுதான் வளர்ந்து கிண்டி பொறியியல் கல்லூரி ஆனது. 1978-ல் அதையும், ஏ.சி. டெக், குரோம்பேட்டை எம்.ஐ.டி., கட்டடக்கலைப் பள்ளி ஆகியவற்றையும் சேர்த்து அண்ணா பல்கலைக்கழகம் உருவானது. மேலாண்மைக்கென்று 1961-ல் கல்கத்தாவிலும் அகமதாபாத்திலும் ஐ.ஐ.எம்.கள் வந்தன. கல்கத்தாவுக்குத் துணை நின்றது அதே எம்.ஐ.டி.யின் ஸ்லோன் பள்ளி. 1963-ல் மும்பையில் தொழில் பொறியியலுக்காகத் தொடங்கிய நைட்டி என்ற நிறுவனம் 2023-ல் ஐ.ஐ.எம். மும்பை ஆகிவிட்டது.

வருடங்களை அடுக்கினால் உங்களுக்குத் தூக்கம் வரும். வகுப்பிலேயே வந்தது. அதனால் ஒரு கதை சொல்கிறேன்.

கிண்டியில் 1943-ல் இயந்திரப் பொறியியல் முடித்தார் ஒரு கோழிக்கோட்டுப் பையன். பெயர் வர்கீஸ் குரியன். அரசு உதவித்தொகையில் அமெரிக்காவுக்குப் படிக்கப் போனார். உதவித்தொகை பால்பண்ணைப் படிப்புக்கு, அவருக்கோ மனசெல்லாம் உலோகவியலில். திரும்பி வந்ததும் ஒப்பந்தப்படி 1949-ல் குஜராத்தில் ஆனந்த் என்ற சின்ன ஊருக்கு அனுப்பினார்கள். எப்போது கிளம்பலாம் என்றுதான் இருந்தார். பக்கத்தில் திரிபுவன்தாஸ் பட்டேல் நடத்திய விவசாயிகள் கூட்டுறவுச் சங்கத்தின் பழைய இயந்திரங்களைப் பழுது பார்த்துக் கொடுக்கப் போய் அங்கேயே தங்கிவிட்டார். மீதி உங்களுக்குத் தெரியும், அமுல்.

ஆனால் எருமைப்பாலில் பவுடர் செய்யலாம் என்று கண்டுபிடித்தது குரியன் இல்லை. அவருடைய நண்பர் எச்.எம். தலாயா. முடியவே முடியாது என்று வெளிநாட்டு நிபுணர்கள் சொன்னார்கள். குரியன் நண்பரை நம்பினார், பணம் புரட்டினார், அதிகாரிகளோடு சண்டை போட்டார். 1955-ல் நேரு வந்து ஆலையைத் திறந்து வைத்தார். இயந்திரத்தை அறிந்தவர் ஒருவர். அந்த இயந்திரம் ஊருக்குள் வந்து, ஓடி, நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்கும்படி பார்த்துக்கொண்டவர் இன்னொருவர். இரண்டாவது ஆள் செய்ததுதான் தொழில்நுட்ப மேலாண்மை. பல பக்கம் படித்தும் பிடிபடாதது எனக்கு இந்தக் கதையில் பிடிபட்டது.

இதற்கு நேர் எதிரான கதையும் ஒன்று உண்டு. அதற்கு நாம் குஜராத் போக வேண்டாம். நம் தெருக்கோடிக்குப் போனால் போதும்.

1980-களின் பின்பாதியில் புதுச்சேரியில் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் கல்சுவர் போட்டார்கள். நம் கரையில் மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. வருடக் கணக்கில் பார்த்தால் அதுதான் நிகரப் போக்கு. சுவர் போட்டால் மணல் தெற்கே தேங்கும், வடக்கே கரை அரிக்கும் என்பது வடிவமைத்த பொறியாளர்களுக்கு நன்றாகத் தெரியும். அதனால் தெற்கே தேங்கும் மணலை எடுத்து வடக்கே விட வேண்டும் என்று திட்டத்திலேயே எழுதி வைத்தார்கள். சுவர் எழும்பியது. மணல் எடுத்து விடுகிற வேலை மட்டும் ஒழுங்காக நடக்கவில்லை. புதுச்சேரிக் கடற்கரை மணல் போனது, கல் கொட்டினார்கள். கல் கொட்டிய இடத்துக்கு வடக்கே அரித்தது, அங்கேயும் கல். கோட்டக்குப்பம், சின்னமுதலியார்சாவடி, பிறகு நாம். நான் வேலைக்கு வந்த புதிதில் பிள்ளைகளை உட்கார வைத்துக் கதை சொன்ன மணல் மேடு இப்போது அலைக்கு அடியில் இருக்கிறது. இதைப் படிப்பவர்களில் பாதிப் பேர் அந்த மேட்டில் கபடி ஆடியவர்கள்.

பொறியியலில் தப்பில்லை. கட்டுவதற்கு ஆள் இருந்தது, தினமும் நடத்துவதற்கு யார் பொறுப்பு, வருடா வருடம் பணம் யார் தருவது என்பதற்குத்தான் பதில் இல்லாமல் போனது.

இதை என் மாணவனுக்குப் போன வாரம் போனில் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். பிறகு, அவன் கம்பெனியில் நிறையப் பணம் போட்டு வாங்கிய ஒரு மெஷின் எட்டு மாதமாகத் தார்பாய் போட்டு மூடிக் கிடப்பதாகச் சொன்னான். ஓட்டத் தெரிந்த ஒரே பையன் வேறு வேலைக்குப் போய்விட்டானாம், உதிரிபாகம் வர மூன்று மாதம் ஆகுமாம். "வாங்கும்போதே எனக்குத் தெரியும் சார். ஆனா எப்படிச் சொல்றது, எந்தக் கணக்கைக் காட்டிச் சொல்றதுன்னு தெரியல. அதுக்குத்தான் படிக்கணும்னு தோணுச்சு" என்றான். இதை அன்றைக்கே சொல்லியிருந்தால் பதினைந்து நாள் எனக்கு மிச்சமாகியிருக்கும்.

அவன் அப்பாவும் பக்கத்தில் இருந்திருக்கிறார். போனை வாங்கி, "வாத்தியாரே, இதைப் படிச்சவங்க யாராவது வந்து அந்த மணலை எடுத்து இந்தப் பக்கம் போடுவாங்களா?" என்று கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை.

இனி நடைமுறை விஷயம், வேறு யாருக்காவது உதவும். அண்ணா பல்கலைக்கழகத் தொலைதூரக் கல்வி எம்.பி.ஏ.வில் தொழில்நுட்ப மேலாண்மை ஒரு பிரிவாக இருந்து வருகிறது. எந்தத் தொலைதூரப் படிப்பானாலும் சேருகிற வருடத்தில் யு.ஜி.சி. அனுமதி உண்டா என்று முதலில் பாருங்கள், பணம் கட்டுவது பிறகு. வேலையை விட்டு முழுநேரமாகப் படிப்பதென்றால் டான்செட் எழுதிக் கிண்டியில் முயலலாம். பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்திலும் பொறியாளர்களுக்கென்றே மேலாண்மை முதுகலை உண்டு. பக்கத்தில் காலாப்பட்டில் 1985-ல் வந்த மத்தியப் பல்கலைக்கழகமும் இருக்கிறது. ஈ.சி.ஆரில் பஸ் ஏறினால் சில நிமிடம். ஆனால் காலாப்பட்டு புதுச்சேரி, நாம் விழுப்புரம் மாவட்டம். அங்கே சில படிப்புகளில் புதுச்சேரிக்காரர்களுக்குத் தனி ஒதுக்கீடு உண்டு, நாம் அதில் சேர மாட்டோம். கூப்பிடு தூரத்தில் இருந்தாலும் வெளிமாநிலம்தான்!

பையனிடம் "சேர்ந்துடுடா" என்று சொல்லிவிட்டேன். முதல் வருடப் புத்தகம் வந்ததும் எனக்கும் ஒரு நகல் எடுத்துத் தரச் சொல்லியிருக்கிறேன். கணக்குப் பாடம் இருந்தால் அதை மட்டும் தாண்டிவிடுவேன்.