நூற்றுப்பத்தொன்பது ஆண்டு வாழ்ந்த மூதாட்டி

நீண்ட ஆயுள் பெற்றோர் கவலையறியாது வாழ்ந்தவர் என எண்ணுதல் உலக வழக்கு. யப்பானிய மூதாட்டி கானே தனாக்காவின் வரலாறோ வேறு பாடம் புகட்டுகின்றது.

யப்பானின் தென்பாலுள்ள கியூசு தீவிலே, இன்று புக்குவோக்கா நகரின் பகுதியாய் விளங்கும் சிற்றூரொன்றில் 1903 சனவரி 2ஆந் திகதி அவர் பிறந்தார். 1922இல் மணம் புரிந்து, கணவரோடு அரிசிப் பணியாரம் விற்கும் கடை நடத்தினார். கணவர் படைக்குச் சென்ற காலத்தும் கடையைக் கைவிட்டாரல்லர். மைந்தர் சோவியத்துச் சிறையிலிருந்து 1947இலேதான் மீண்டார். தாயோ 63 வயதுவரை உழைத்தார். 103ஆம் வயதிற் குடற் புற்றுநோய் கண்டபோது, அறுவைச் சிகிச்சைக்குட்பட்டுத் தேறினார்.

முதியோர் இல்லத்தில் அவரது நாள் காலை 6 மணிக்கே தொடங்கும். பிற்பகலிற் கணக்குப் பயில்வார். ஒத்தெல்லோ என்னும் பலகையாட்டத்தை விரும்பி ஆடுவார். ஆயினும் உணவிலே துறவு பூண்டவரல்லர். சொக்கலேற்றும் சோடாவும் அவருக்கு மிக விருப்பமானவை.

2019 மார்ச்சில் கின்னஸ் நிறுவனம் அவரை உலகின் மூத்தவராக ஏற்றது. 2022 ஏப்பிரில் 19இல், 119 ஆண்டும் 107 நாளும் நிறைந்த நிலையில் அவர் மறைந்தார். சான்றுகளால் உறுதிப்பட்டவர்களுள், அன்றுவரை அவரினும் நீண்டு வாழ்ந்தவர் 122 வயது கண்ட பிரெஞ்சு மாது ஜான் கல்மான் ஒருவரே.

அத்துணை ஆயுளை எவரும் முயன்று பெறுதல் அரிது. நூறு கடந்த பின்னரும் கணக்குப் புத்தகத்தை விரித்து வைத்த அவ்வூக்கமோ எவர்க்கும் எட்டக்கூடியதே.