பத்தாவது வந்தாச்சு, பாட்டு கிளாஸ் வேணுமா?

நம்மவர்கள் இருக்கும் நவி மும்பை வீடுகளில் வருஷா வருஷம் ஜூன் மாதம் வரும் கேள்விதான் இது. போன வருஷம் எங்கள் வீட்டுக்கும் வந்தது. பெண் பத்தாவது போகிறாள். அவள் கற்றுக்கொள்வது கர்நாடக சங்கீதம்கூட இல்லை. கீழ்வீட்டு மராத்தி டீச்சரிடம் இந்துஸ்தானி. "நம்ம பாட்டும் இல்ல, மார்க்கும் வராது, நிறுத்திடலாமே" என்றேன். அவள் பதில் சொல்லவில்லை. தம்புராப் பெட்டியை அணைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். மனசு கேட்காமல், இந்த 'பாட்டு கிளாஸ்' எங்கிருந்து வந்தது என்று புரட்ட ஆரம்பித்தேன்.

அந்தக் காலத்தில் காசு கட்டிச் சேர்ந்து பாட்டுப் படிப்பதெல்லாம் வடக்கே அபூர்வம். குருவின் வீட்டில் வருஷக்கணக்கில் பணிவிடை செய்ய வேண்டும், அல்லது அந்தக் குடும்பத்திலேயே பிறந்திருக்க வேண்டும். சிறுவயதில் பட்டாசு வெடித்துப் பார்வை பாதிக்கப்பட்ட விஷ்ணு திகம்பர் பலூஸ்கர், 1901 மே 5 அன்று லாகூரில் கந்தர்வ மகாவித்யாலயாவைத் தொடங்கினார். ராஜா வீட்டுப் பணத்தை நம்பாமல் பொதுமக்கள் நன்கொடையில் நடத்தினார். பாடப்புத்தகம், ஸ்வரக் குறியீடு, பரீட்சை எல்லாம் வைத்தார். பெண்களையும் சேர்த்துக்கொண்டார். 1908-ல் பம்பாய்க்கும் வந்தார். கடனில் பள்ளிக் கட்டடமே ஏலத்துக்குப் போனது. ஆனாலும் 1931-ல் அவர் மறைந்தபின் சீடர்கள் தொடங்கிய மண்டலின் பரீட்சைகளை இன்றும் ஊர் ஊராகக் குழந்தைகள் எழுதுகிறார்கள்.

இன்னொருவர் பம்பாய் வக்கீல் பாத்கண்டே. இவர் கதையில் நம்ம ஊர் வருகிறது. 1904-ல் தெற்கே பயணம் வந்தவர், எட்டயபுரத்தில் சுப்பராம தீட்சிதரைச் சந்தித்தார். தஞ்சாவூர் வேங்கடமகியின் 72 மேள முறையை ஊன்றிப் படித்தார். பிற்பாடு இந்துஸ்தானி ராகங்களைப் 10 தாட்களாக அவர் வகைப்படுத்தியதில் அந்தப் படிப்பின் சாயல் உண்டு. 1926-ல் லக்னோ மாரிஸ் இசைக் கல்லூரி உருவானதிலும் அவருக்குப் பெரும் பங்கு.

எல்லாமே நல்லது என்று சொல்லிவிட முடியாது. பரம்பரையாகப் பாட்டைக் காத்த உஸ்தாத் குடும்பங்களும் தவாயிஃப் பெண்களும் இந்தப் புது ஏற்பாட்டில் ஓரங்கட்டப்பட்டார்கள். சென்னையில் இசை வேளாளர்களுக்கு நடந்ததும் ஏறக்குறைய அதேதான். நம் குழந்தைகளுக்குக் கதவு திறந்தபோது வேறு சிலருக்கு அது மூடியது.

சரி, மார்க் விஷயத்துக்கு வருவோம். மொசார்ட் கேட்டால் மூளை வளரும் என்ற பேச்சு 1993-ல் வந்த ஒரு சின்ன ஆய்விலிருந்து கிளம்பியது. அதில் கலந்துகொண்டவர்கள் 36 கல்லூரி மாணவர்கள். பலனும் சில நிமிஷத்துக்குத்தான். 2004-ல் கனடாவில் 144 ஆறு வயதுக் குழந்தைகளைப் பார்த்த ஷெல்லன்பெர்க், இசை கற்றவர்களுக்கு ஐ.க்யூ. மற்றவர்களைவிடச் சுமார் 3 புள்ளி கூடக் கண்டார். 2020-ல் 54 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோதோ, ஒழுங்காக நடத்தப்பட்ட ஆய்வுகளில் அந்தப் பலனும் இல்லை. ஆக, கணக்கில் சென்டம் வாங்குவதற்காகப் பாட்டு கற்பதில் அர்த்தமில்லை.

பின்னே எதற்கு? கும்பகோணத்திலிருந்து வந்திருந்த என் அம்மா ஒரு சாயங்காலம் பதில் சொன்னாள், வார்த்தையில் அல்ல. பெண் பைரவ் பாடிக்கொண்டிருந்தாள். அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்த அம்மா, "அட, மாயாமாளவகௌளைன்னா இது!" என்று சரளி வரிசையைப் பிடித்துக்கொண்டாள். புரந்தரதாசர் வகுத்ததாகச் சொல்லும் அதே முதல் பாடம். ஸ்வரம் ஒன்றுதான், போகிற வழிதான் வேறு. தமிழ் எழுத்துக்கூட்டிப் படிக்கிற பேத்தியும் ஹிந்தி தெரியாத பாட்டியும் ஒரு மணி நேரம் பேசிக்கொண்டது அதில்தான்.

'நம்ம பாட்டு இல்லை' என்று நான் சொன்னது தப்பு. வாரம் இரண்டு நாளாக இருந்த கிளாஸை ஒரு நாளாக்கினோம். நிறுத்தவில்லை.