மீன்தொட்டியில் கீரை: அக்குவாபோனிக்ஸ் வந்த வழி

அக்குவாபோனிக்ஸ் என்பது மீன் வளர்ப்பையும் மண்ணில்லாப் பயிர் வளர்ப்பையும் ஒரே நீரில் இணைக்கும் முறை. மீன் கழிவு கலந்த நீர் பயிர்ப் படுகைக்கு ஏற்றப்படுகிறது. பயிர் சத்தை எடுத்துக்கொண்ட பின் அதே நீர் தொட்டிக்குத் திரும்புகிறது. திருச்சியிலும் திருவரங்கத்திலும் கொல்லைப்புறம் உள்ள வீடுகள் அடுக்ககங்களாக மாறிவரும் காலத்தில், இதை ஜன்னலோரத்தில் அமைக்க முடியுமா என்ற கேள்வி இயல்பானது. முடியும். ஆனால் இதில் எதற்கும் எதற்கும் இடையே சமநிலை வேண்டும் என்பதைக் கண்டுபிடிக்கவே ஏறத்தாழ 40 ஆண்டுகள் ஆயின.

காவிரிக் கரையில்

காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே தீவாக அமைந்த ஊர் திருவரங்கம். ஆடிப் புதுவெள்ளம் கொண்டுவந்த வண்டலே இப்பகுதி வயல்களுக்கு உரம். 1934-இல் மேட்டூர் அணை பயன்பாட்டுக்கு வந்தபின் அந்த வண்டலின் பெரும்பகுதி நீர்த்தேக்கத்திலேயே தங்கிவிடுகிறது. கோடையில் ஏரி, குளங்களின் வண்டலை வெட்டி வயலில் போடுவதும் பழைய வழக்கம். மீன் கழிவும் மட்கிய பாசியும் அதில் அடங்கும். நீர்நிலைகளின் மீன்பிடி உரிமையை ஏலம் விடுவதற்கு இன்றும் மீன்பாசிக் குத்தகை என்றே பெயர். வீட்டுக் கிணற்றில் கொசுப்புழுவைத் தின்ன மீன் விடுவார்கள். அந்தக் கிணற்று நீர்தான் வாழைக்கும் சேம்புக்கும் போகும்.

இதை வைத்து அக்குவாபோனிக்ஸ் நம் முன்னோர் கண்ட முறை என்று எழுதுவோர் உண்டு. அது சரியன்று. கொல்லைக்குப் போன நீர் கிணற்றுத் தொட்டிக்கு வடிகட்டித் திரும்பவில்லை. அதைச் சுத்தம் செய்தது மண். மண்ணுக்குள் நடந்த அந்த வேலையை ஒரு பெட்டிக்குள் கொண்டுவருவதுதான் அக்குவாபோனிக்ஸ். அதற்கு முதலில் மண்ணுக்குள் என்ன நடக்கிறது என்று தெரிய வேண்டியிருந்தது.

தந்தையும் மகனும்

1849-இல் லண்டனில் ராபர்ட் வாரிங்டன் என்ற வேதியியலாளர் ஏறத்தாழ 12 காலன் கொள்ளும் கண்ணாடிக் கலத்தில் இரண்டு தங்கமீன்களையும் வாலிஸ்நேரியா என்ற நீர்ப்பாசியையும் விட்டார். நீரை மாற்றவில்லை. அழுகும் இலைகளால் நீர் கெடத் தொடங்கியதும் அவற்றைத் தின்ன நத்தைகளைச் சேர்த்தார்; நீர் தெளிந்தது. செடி ஆக்சிஜன் தருகிறது, மீன் கரியமிலவாயு தருகிறது, நத்தை கழிவைத் தின்கிறது என்ற அவர் விளக்கம் 1850-இல் வெளியாயிற்று. வீட்டு மீன்தொட்டி என்னும் பழக்கம் பரவ இதுவும் ஒரு காரணம்.

அவர் விளக்கத்தில் நைட்ரஜன் இல்லை. மீன் செவுள் வழியாக வெளியிடும் அம்மோனியா நஞ்சு. அது எங்கே போயிற்று? 1877-இல் பிரான்சில் ஷ்லோசிங், மூன்ட்ஸ் இருவரும் சாக்கடை நீரை மணலும் சுண்ணாம்பும் நிரப்பிய குழாயில் மெதுவாக வடியவிட்டனர். முதல் சில வாரங்கள் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு அம்மோனியா நைட்ரேட்டாக மாறி வெளிவந்தது. குளோரோஃபார்ம் ஆவியைச் செலுத்தியதும் மாற்றம் நின்றது. ஆகவே அது உயிர்களின் வேலை.

அந்த வேலை இரண்டு படிகளில், வெவ்வேறு நுண்ணுயிர்களால் நடக்கிறது என்று இங்கிலாந்தின் ரோதம்ஸ்டெட் ஆய்வு நிலையத்தில் காட்டியவர் பெயரும் ராபர்ட் வாரிங்டன்தான். மீன்தொட்டி வாரிங்டனின் மகன். தந்தை விட்ட இடைவெளியை மகன் நிரப்பினார் என்பது அறிவியல் வரலாற்றில் அழகான செய்தி. பாடநூல்களில் ஏனோ வருவதில்லை. ஆனால் அந்த நுண்ணுயிர்களைத் தனியாகப் பிரிக்க மகனாலும் இயலவில்லை. 1890-இல் சூரிச்சில் வினோகிராட்ஸ்கி அதைச் செய்தார்.

இன்றைய வடிவம் அமெரிக்காவில் உருவானது. 1969-இல் தொடங்கிய நியூ ஆல்கெமி நிறுவனம் பசுமைக்குடிலில் திலாப்பியா வளர்த்தது. 1980-களில் வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்தில் மெக்மர்ட்ரியும் சாண்டர்சும் மீன் நீரை மணற்படுகையில் பாய்ச்சித் தக்காளியும் வெள்ளரியும் விளைவித்து, வடிந்த நீரைத் தொட்டிக்கே திருப்பினர். வெர்ஜின் தீவுகள் பல்கலைக்கழகத்தில் ராக்கோசி செய்த மிதவைப் படுகை ஆய்வுகள் ஒரு கணக்கைத் தந்தன: மீனின் எண்ணிக்கையை அன்று, அன்றாடம் போடும் தீவனத்தின் எடையைப் பயிர்ப் பரப்போடு ஒப்பிட வேண்டும்.

திருச்சி வீட்டுக்குள்

கீரைக்கு ஒரு சதுர மீட்டருக்கு நாளொன்றுக்கு 40 முதல் 50 கிராம் தீவனம் என்பது உலக உணவு வேளாண் அமைப்பு 2014-இல் வெளியிட்ட கையேட்டின் அளவு. வரவேற்பறையில் 100 லிட்டர் தொட்டி, அதில் நாளுக்கு 5 கிராம் தின்னும் சில தங்கமீன்கள் என்று வைத்துக்கொள்வோம். அது தாங்கும் படுகை ஒன்றரைச் சதுர அடிக்கும் குறைவு. கொஞ்சம் புதினா, கொஞ்சம் தண்டுக்கீரை கிடைக்கும். குடும்பத்துக்குக் காய்கறி கிடைக்கும் என்ற விளம்பரங்களை இந்தக் கணக்கோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். மீன் உண்ணாத வீடுகள் மிகுந்த திருவரங்கத்தில் தங்கமீன் பொருத்தமானதே. அது உரம் தந்தால் போதும்.

புதுத் தொட்டியில் மீன் சாவதற்குப் பெரும்பாலும் அவசரமே காரணம். ஷ்லோசிங் குழாயில் நடந்ததுபோல் இங்கும் நுண்ணுயிர் பெருக 3 முதல் 6 வாரம் ஆகும். அதுவரை மிகக் குறைந்த மீன், மிகக் குறைந்த தீவனம். குளோரின் கலந்த குழாய்நீரை ஒரு நாள் திறந்து வைத்தபின் ஊற்ற வேண்டும். ஆழ்துளைக் கிணற்று நீர் கடினமாக இருந்தால் பி.எச். உயர்ந்து, இரும்புச்சத்து கிடைக்காமல் இளந்தளிர் மஞ்சளாகும். படுகைக்கு இடும் கல்லில் வினிகர் விட்டால் நுரைக்கிறதா என்று பார்க்க வேண்டும். நுரைத்தால் அது சுண்ணாம்புக்கல், பி.எச். அளவை இன்னும் ஏற்றும். சித்திரை, வைகாசி வெயிலில் நீர் சூடாகும்போது ஆக்சிஜன் குறைகிறது, அம்மோனியாவின் நஞ்சும் கூடுகிறது. அம்மாதங்களில் தீவனத்தைக் குறைத்து, மின்தடைக்கு மின்கலத்தில் இயங்கும் காற்றுப் பம்பு ஒன்று வைத்திருப்பது அவசியம். வெளிச்சம் போதாத அறையில் எல்.இ.டி. விளக்கின்றிக் கீரை தேறாது.

தொட்டியைக் கலைக்கும்போது மீனைக் காவிரியிலோ உய்யக்கொண்டான் வாய்க்காலிலோ விடக்கூடாது. 1952-இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட மொசாம்பிக் திலாப்பியாதான் நாம் ஜிலேபி கெண்டை என்று அழைக்கும் மீன். அது குளங்களிலும் நீர்த்தேக்கங்களிலும் பெருகி நாட்டு மீன்களின் இடத்தைப் பிடித்துக்கொண்டது.