இன்று பட்ட வெயில், மூன்றாம் வாரத்தில் தடிப்பு: லூபஸ் நோயாளிகளின் தோலில் நடப்பது என்ன?

லூபஸ் என்பது உடலின் நிர்ப்பீடனத் தொகுதி தன் சொந்தக் கலங்களையே எதிரியாக நினைத்துத் தாக்கும் நோய். இது ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றாது. பாதிக்கப்படும் வளர்ந்தவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் பெண்கள். பெரும்பாலும் பிள்ளை பெறும் வயதில்தான் இது தொடங்குகிறது. தோல், மூட்டுகள், சிறுநீரகம், குருதி என்று பல இடங்களைத் தாக்கும். இந்த நோயைக் கிளப்பிவிடும் காரணிகளில் முக்கியமானது வெயில்.

போருக்குப் பின் வடக்கிலும் கிழக்கிலும் குடும்பத்தைத் தனியாகக் கொண்டுநடத்தும் பெண்கள் பலர் வெயிலில் நின்றே உழைக்கிறார்கள். வயல், வெங்காயத் தோட்டம், கருவாடு காயவைக்கும் கடற்கரை, கண்ணிவெடி அகற்றும் நிலம் எல்லாமே நிழல் இல்லாத இடங்கள். அதனால்தான் வெயிலையும் லூபஸையும் பற்றிய ஆய்வுகளைத் தேடிப் படித்தேன். அவற்றில் எங்கள் பெண்கள் முதலில் அறியவேண்டியது என்று எனக்குப் பட்டது, தடிப்பு வரும் தாமதம்.

தாமதமாக வரும் தடிப்பு

ஜேர்மன் தோல் வைத்தியர்கள் 1990இல் 128 லூபஸ் நோயாளிகளிடம் செய்த பரிசோதனையை வெளியிட்டார்கள். தோலின் சிறு பகுதியில் புற ஊதாக் கதிர்களை, அதாவது பாடப்புத்தகம் சொல்லும் கழியூதாக் கதிர்களை, அளவாகப் பாய்ச்சிவிட்டுக் காத்திருந்தார்கள். சாதாரண வெயில் எரிவு சில மணித்தியாலங்களில் தெரிந்துவிடும். லூபஸ் தடிப்போ பல நாட்கள் கழித்து, சிலருக்கு மூன்று வாரம் வரை கழித்து வந்தது. வந்த தடிப்பு கிழமைக்கணக்கில் நின்றது.

இதனால்தான் பல நோயாளிகள் "எனக்கு வெயில் ஒன்றும் செய்யாது" என்று சொல்கிறார்கள். மூன்று கிழமைக்கு முன் நாற்று நட்ட நாளை இன்றைய தடிப்போடு யார் சேர்த்துப் பார்ப்பார்கள்? சாப்பாட்டிலும் சவர்க்காரத்திலும்தான் பழி விழும்.

கலத்துக்குள் நடப்பது

புற ஊதாக் கதிர் பட்டால் எல்லோருடைய தோலிலும் சில கலங்கள் இறக்கும். உடல் அவற்றை அமைதியாகத் துப்புரவாக்கிவிடும். அமெரிக்காவின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1994இல் ஒன்றைக் காட்டினார்கள். தோற்கலம் இறக்கும்போது, வழக்கமாக அதன் உள்ளே மறைந்திருக்கும் புரதங்கள் சிறு கொப்புளங்களாக மேற்பரப்புக்கு வருகின்றன. லூபஸ் நோயாளியின் பிறபொருளெதிரிகள் குறிவைப்பது இதே புரதங்களைத்தான். துப்புரவாக்கும் வேலையும் பல நோயாளிகளில் மந்தமாக நடப்பதால் தாக்குதல் நீடிக்கிறது.

2018இல் மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வு இன்னொன்றைச் சேர்த்தது. தடிப்பே இல்லாத, பார்வைக்கு நல்லதாகத் தெரியும் தோலிலும் லூபஸ் நோயாளிகளுக்கு இன்டர்பெரோன் என்ற அழற்சிச் சமிக்ஞை கூடுதலாகச் சுரக்கிறது. வெயில் படுமுன்னரே அந்தத் தோல் தயார் நிலையில் இருக்கிறது.

பாதிப்பு தோலோடு நிற்குமா? வொஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் எலிகளில் செய்து 2021இல் வெளியிட்ட ஆய்வில், தோலில் பட்ட கதிருக்குப் பின் வெண்குருதிக் கலங்களில் ஒரு வகை சிறுநீரகம் வரை போய் அங்கே அழற்சியைத் தூண்டியது. இது எலியில் கண்டது. ஆனாலும் வெயிலுக்குப் பின் காய்ச்சல், மூட்டுவலி, களைப்பு வருவதாக நோயாளிகள் சொல்வதை அலட்சியப்படுத்தக்கூடாது என்பதற்கு இது ஒரு காரணம்.

கறுத்த தோலும் கண்ணாடியும்

கறுத்த தோல் வெயில் எரிவைக் குறைக்கும், லூபஸைத் தடுக்காது. அமெரிக்காவில் வெள்ளைப் பெண்களைவிடக் கறுப்பினப் பெண்களுக்கே இந்நோய் அதிகம். கன்னங்களிலும் மூக்கிலும் வண்ணத்துப்பூச்சி வடிவில் வரும் சிவப்பு, எங்கள் நிறத்தில் கருஞ்சிவப்பாகவோ வெறும் கறுப்பாகவோ தெரியலாம். அதை "வெயில் கறுப்பு" என்று விட்டுவிடுவதும் நடக்கிறது.

புற ஊதாக் கதிரில் நிலத்தை அடைபவை இரண்டு வகை. யூ.வி.பி வகையைச் சாதாரண கண்ணாடி பெரும்பாலும் தடுத்துவிடும். யூ.வி.ஏ வகை கண்ணாடியைத் தாண்டி வரும். ஆகவே பஸ் யன்னலோரமும் பாதுகாப்பான இடமல்ல. மெல்லிய முகிலும் இவற்றை முழுதாக மறைக்காது. மணலும் நீரும் ஒரு பகுதியைத் திருப்பி முகத்தில் வீசும்.

என்ன செய்யலாம்?

ஜேர்மனியில் 25 நோயாளிகளுடன் நடந்து 2011இல் வெளியான ஆய்வில், கிறீம் பூசாத தோலில் 16 பேருக்குத் தடிப்பு வந்தது. இருவகைக் கதிரையும் தடுக்கும் வெயில்தடுப்புக் கிறீம் பூசிய இடத்தில் ஒருவருக்கும் வரவில்லை. கிறீம் விலை கூடியது என்பது உண்மை. நெருக்கமாக நெய்த, கடும்நிற, முழுக்கைச் சட்டையும் அகன்ற விளிம்புத் தொப்பியும் நல்ல பலன் தரும். நனைந்த மெல்லிய வெள்ளைத் துணி போதாது. உங்கள் நிழல் உங்களைவிடக் குட்டையாக இருக்கும் நேரத்தில் இயன்றவரை வெளிவேலையைத் தவிர்க்கவேண்டும்.

லூபஸுக்கு அடிப்படை மருந்து ஐதரொட்சிகுளோரோகுயின். தடிப்பு மறைந்ததும் நீங்களாக அதை நிறுத்தக்கூடாது. சொன்ன காலத்தில் கண் பரிசோதனையும் வேண்டும். வெயிலைத் தவிர்ப்பவர்களுக்கு விற்றமின் டி குறையலாம். பிரஷருக்குக் கொடுக்கும் ஐதரோகுளோரோதயசைட் போன்ற சில குளிசைகள் தோலின் வெயில் கூச்சத்தைக் கூட்டும். கிளினிக் போகும்போது எல்லா மருந்துகளையும் கொண்டுபோய்க் காட்டுங்கள்.

ஆறாத தடிப்போடு மூட்டுவலி, முடி கொட்டுதல், கால் வீக்கம், நுரைக்கும் சிறுநீர் என்பவற்றில் ஏதும் இருந்தால் வைத்தியரைப் பார்க்கப் பிந்தவேண்டாம். அவரிடம் சொல்லுமுன், கடந்த மூன்று கிழமையில் எந்தெந்த நாள் வெயிலில் நின்றீர்கள் என்று ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். நேற்றைய நாளை மட்டும் சொன்னால் காரணம் பிடிபடாமல் போகலாம்.