குறுந்தகட்டிலிருந்து விரலிக்கு: மாற்று இயங்குதளம் தமிழரின் கணினிக்குள் நுழைந்த வழி

தமிழ்க் கணிமையின் வரலாறு பெரும்பாலும் குறியேற்றங்களையும் விசைப்பலகைகளையும் சுற்றியே எழுதப்படுகிறது. 1999-இல் சென்னையில் கூடிய தமிழிணைய மாநாடு, தமிழ்99 விசைப்பலகை, 2010-இல் ஒருங்குறியை ஏற்ற அரசாணை என்று அந்தக் கதை நகரும். அவ்வெழுத்துகள் எந்த இயங்குதளத்தின் மேல் ஓடின, அந்த இயங்குதளம் எதில் ஏறி வீட்டுக் கணினிக்குள் வந்தது என்ற கேள்வியை நாம் அரிதாகவே கேட்கிறோம்.

கடையில் வாங்கும் கணினி ஓர் இயங்குதளத்தோடுதான் வருகிறது. மாற்று வேண்டுமானால் அது வெளியிலிருந்து, ஏதோ ஓர் ஊடகத்தில் வர வேண்டும். லினஸ் டோர்வால்ட்சு 1991-இல் லினக்சை அறிவித்த காலத்தில் அந்த ஊடகம் நெகிழ்வட்டு. அடுக்கடுக்காக வட்டுகளை மாற்றிப் போட வேண்டும். ஒன்று பழுதானால் எல்லாம் வீண். குறுந்தகட்டிலிருந்தே கணினியைத் துவக்க வழிசெய்த 'எல் டொரிட்டோ' வரையறை 1995-இல்தான் வந்தது. இந்தியாவில் 1990களின் பிற்பகுதியில் 'பிசி குவெஸ்ட்' இதழோடு இணைப்பாக வந்த குறுந்தகடுகள் வழியாகவே பலர் லினக்சை முதலில் கண்டனர்.

பெரிய திருப்பம் 2000-இல் நேர்ந்தது. ஜெர்மானியரான கிளாஸ் நாப்பர் வெளியிட்ட 'நாப்பிக்ஸ்' வன்வட்டைத் தொடாமல் குறுந்தகட்டிலிருந்தே முழுமையாக இயங்கியது. தகட்டை எடுத்துவிட்டால் பழைய கணினி பழையபடியே இருக்கும். தமிழ்ப் பயனருக்கு இதில் தனியான ஆதாயம் ஒன்று உண்டு. 'கொ' என்ற எழுத்தை எடுத்துக்கொள்வோம். ஒருங்குறியில் முதலில் மெய்யின் குறியீடும் பின்னர் உயிர்க்குறியும் சேமிக்கப்படுகின்றன. திரையிலோ உயிர்க்குறியின் ஒரு பாதி மெய்க்கு இடப்புறமும் மறுபாதி வலப்புறமும் நிற்க வேண்டும். இந்த இடமாற்றத்தை அறியாத மென்பொருளில் எழுத்து சிதறிப் புள்ளிவட்டம் தோன்றும். ஒரு லினக்ஸ் வழங்கலில் தமிழ் சரியாகத் தெரிகிறதா என்பதை, எதையும் அழிக்காமல், நிறுவும் முன்பே சோதிக்க இத்தகைய தகடு இடம் தந்தது. 'லோகித்' எழுத்துருக்களை ரெட் ஹாட் 2004-இல் கட்டற்ற உரிமத்தில் வெளியிட்டதும் இதே காலத்தில்தான்.

2004 அக்டோபரில் வந்த உபுண்டு, கேட்டவர்க்கெல்லாம் தகட்டை அஞ்சலில் இலவசமாக அனுப்பியது. 2011-இல் அத்திட்டம் நின்றது. சுமார் 700 மெகாபைட்டை இறக்கப் பகல் முழுவதும் காத்திருந்தவர்களுக்கு அந்த உறையின் மதிப்பு தெரியும். நிறுவலின் தொடக்கத்திலேயே மொழிப்பட்டியல் விரியும். அதில் 'தமிழ்' தமிழ் எழுத்திலேயே இருந்தது. மராத்தியும் இந்தியும் அதே பட்டியலில்தான். மும்பைத் தமிழர் தம் மொழியை மற்ற இரண்டுக்கும் இணையான வரிசையில் காணும் இடங்கள் இந்நகரில் அதிகமில்லை.

அடுத்தது யூஎஸ்பி நினைவகம். சிங்கப்பூரின் டிரெக் நிறுவனம் 2000-இல் அதைக் கட்டைவிரலின் பெயரால் விற்றது. தமிழில் சிலர் 'விரலி' என்கின்றனர். மஞ்சளுக்கு முன்பே உள்ள பெயர் என்பதால் எனக்கு இச்சொல்லின் மேல் தனிப் பிரியம். ஆயினும் வழக்கில் வென்றது 'பென் டிரைவ்'தான். இயங்குதளத்தை அதில் வெறும் கோப்பாக நகலெடுத்தால் கணினி துவங்காது. துவங்கும் வகையில் எழுத வேண்டும். 2007-இல் வந்த 'யூநெட்பூட்டின்' போன்ற கருவிகள் அதை எளிதாக்கின. பின்னர் பயோஸில் துவக்க வரிசையை மாற்றினால் போதும்.

அரசின் கதை வேறு. உமாசங்கர் நிர்வாக இயக்குநராக இருந்தபோது எல்காட் நிறுவனம் லினக்சுக்கு மாறியது. சென்னை சி-டாக் உருவாக்கிய, டெபியனை அடிப்படையாகக் கொண்ட 'பாஸ்' லினக்ஸ் 2007-இல் வெளிவந்தது. 2011 செப்டம்பரில் தொடங்கிய 'விலையில்லா மடிக்கணினி'த் திட்டத்தில் விண்டோசும் பாசும் அருகருகே நிறுவப்பட்டிருந்தன. இங்கே சொற்களைக் கவனிக்க வேண்டும். ஆங்கிலத்தில் ஒரே சொல் இலவசத்தையும் விடுதலையையும் குறித்துக் குழப்புகிறது; தமிழோ 'கட்டற்ற' என்ற சொல்லால் அக்குழப்பத்தைத் தீர்த்துக்கொண்டது. 'விலையில்லா' பொறிக்குள் 'கட்டற்ற' மென்பொருள் இருந்தது உண்மை. ஆனால் அதை நிறுவும் வேலை மாணவருக்கு முன்பே முடிந்துவிட்டது. வன்வட்டைப் பிரிப்பது, எந்தப் பகுதியை அழிப்பது, எதைக் காப்பது என்று தீர்மானிப்பது ஆகியவற்றில்தான் பொறி தன்னுடையது என்ற உணர்வு பிறக்கிறது. கட்டற்ற மென்பொருளைக் கொடுத்த அத்திட்டம் இந்தப் பயிற்சியைக் கொடுக்கவில்லை என்பதே என் விமர்சனம்.

2012-இல் விண்டோஸ் 8-உடன் பரவிய 'செக்யூர் பூட்' கையொப்பமில்லாத துவக்க நிரல்களைத் தடுத்தது. விரலியைச் செருகிய மாணவர் முதலில் அந்தப் பூட்டைத் தளர்த்த வேண்டியிருந்தது. பெரிய வழங்கல்கள் விரைவில் கையொப்பமிட்ட நிரல்களோடு வந்தன. 2014 ஏப்ரலில் விண்டோஸ் எக்ஸ்பிக்கான ஆதரவு நின்றபோது தமிழக அரசு தன் துறைகளுக்குப் பாஸைப் பரிந்துரைத்தது. அதுவும் மேலிருந்து வந்த ஆணையே.

கற்றுக்கொடுக்கும் பணியை வேறு சிலர் செய்தனர். 2012-இல் தொடங்கிய 'கணியம்' மின்னிதழ் அவற்றுள் ஒன்று. இன்னொன்று எனக்கு அண்மையிலேயே உள்ளது: கோபர்கைரனேயிலிருந்து தாணே கழிமுகத்தைக் கடந்தால், அக்கரையில் பவாயின் மும்பை ஐஐடி. அதன் 'ஸ்போக்கன் டுடோரியல்' திட்டத்தில் லினக்ஸ் பாடங்களுக்குத் தமிழ்க் குரல் உண்டு. கற்பவர் ஒளிப்படத்தை நிறுத்தி நிறுத்தித் தம் கணினியில் அதையே செய்து பார்க்கும்படி அவை அமைக்கப்பட்டுள்ளன. திரையில் ஆங்கிலப் பட்டிகள், காதில் தமிழ் விளக்கம். குரல் கொடுப்பவர் எங்கே 'நிறுவுதல்' என்கிறார், எங்கே 'இன்ஸ்டால்' என்கிறார் என்று குறித்துக்கொண்டே கேட்டால், கலைச்சொல் ஆய்வுக்கு ஒரு நல்ல தரவுத்தொகுதி அங்கே கிடைக்கும்.