கடைச்சற்காரரின் கைவண்ணம்

தயிரைக் கடைதல், மரத்தைக் கடைதல் ஆகிய இரண்டு தொழில்களுக்கும் தமிழிலே வினைச்சொல் ஒன்றே. இரண்டின் இயக்கமும் ஒன்றாயிருத்தலை நோக்கின் இச்சொல்லின் பொருத்தம் விளங்கும். மத்திலே கயிற்றைச் சுற்றி, அதன் இரு தலைப்பையும் மாறி மாறி இழுக்கும்போது மத்து முன்னும் பின்னுமாகச் சுழல்கிறது. பழைய கடைச்சற் பட்டறையிலும் இதுவே நிகழ்ந்தது. இரண்டு இரும்பு முனைகளுக்கு இடையே மரத்துண்டைப் பொருத்தி, அதன்மேற் கயிற்றைச் சுற்றி, உதவியாள் ஒருவர் மாறி மாறி இழுப்பார். நிலத்திலே அமர்ந்த கடைச்சற்காரர், மரம் தம்மை நோக்கிச் சுழலும் கணத்தில் உளியைக் கொடுப்பார்; எதிர்ப்புறம் சுழலும்போது உளியைச் சற்றே விலக்குவார். இழுப்பவரின் கையும் உளி பிடித்தவரின் கையும் ஒரே தாளத்திற்கு அடங்கினாலன்றி, கடைந்த பொருளின் உருட்சி செவ்வையாக அமையாது.

வடமராட்சியில், வல்வெட்டித்துறைக்குத் தெற்கே அமைந்த ஊர் உடுப்பிட்டி. அது சிவசம்புப் புலவரால் தமிழுலகிற் பெயர் பெற்றது. 1852 ஆம் ஆண்டில் அமெரிக்க மிஷனார் அங்கே பாடசாலை நிறுவினர். கல்விக்குப் பேர்போன இத்தகைய ஊர்களின் பழைய நாற்சார் வீடொன்றினுட் புகுந்து பார்த்தால், கடைச்சற்காரரின் கை எத்தனை இடங்களிற் பட்டிருக்கிறது என்பது புலனாகும். கட்டிலின் கால், கதிரையின் கால், தொட்டிலின் கம்பு, அடுக்களையில் மத்து, முற்றத்திற் பிள்ளைகள் சுழற்றும் பம்பரம் ஆகிய யாவும் கடைந்தெடுத்த பொருள்களே. அருகிலுள்ள கடற்கரையிற் கட்டப்பட்ட பாய்க்கப்பல்களுக்கும் கயிறு ஓடும் கப்பி உருளைகள் வேண்டியிருந்தன. வல்வெட்டித்துறையிற் கட்டப்பட்ட அன்னபூரணி என்னும் கப்பல், 1938 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் குளொஸ்டர் துறைமுகத்தை அடைந்தது. அக்கப்பலின் புகழை எல்லோரும் அறிவர். ஒரு கப்பலுக்கோ ஒரு வீட்டுக்கோ சிறு சிறு உறுப்புகளைக் கடைந்து கொடுத்தவர்களின் பெயரை அறிந்தவர் அரியர். பெயரின்றி வாழ்ந்ததே இத்தொழிலின் நெடிய வரலாறாக இருந்திருக்கிறது.

கடைச்சற்காரர் முதலிற் கற்கவேண்டியது மரத்தின் இயல்பு. தொல்காப்பியர் மரபியலிலே தாவரங்களை இரண்டாகப் பகுக்கிறார். வைரம் வெளிப்புறத்தே உள்ளவற்றைப் புல் என்றும், வைரம் அகத்தே உள்ளவற்றை மரம் என்றும் அவர் வழங்குகிறார். அக்கணக்கின்படி, யாழ்ப்பாணத்தின் அடையாளமாகிய பனை, மரமாகாது, புல்லினத்தைச் சேரும். இலக்கண மாணவனுக்கு இது வியப்பைத் தரலாம். பட்டறையில் அமர்ந்தவருக்கு இது நாளாந்த அனுபவம். வேம்பையோ பூவரசையோ எடுத்தால் வைரம் நடுவே இருக்கும். பனந்துண்டை எடுத்தால், கரிய உறுதியான நார்கள் புறத்தே செறிந்து, உள்ளே சோற்றி மென்மையாய்க் கிடக்கும். பனையிற் கடைபவர் புறவைரத்தை மாத்திரமே பிளந்தெடுத்து வேலை செய்தல் வேண்டும். உளியின் வாய் சிறிது மழுங்கினாலும் நார் அறுபடாமற் கிழிந்து வரும். ஆனால் நன்கு கடைந்து மெருகிட்ட பனை வைரத்திலே கருமையும் பொன்னிறமுமாய் ஓடும் கோடுகளின் அழகு வேறெந்த மரத்திலும் காணக் கிடையாதது.

அடுத்தது பொறுமை. வெட்டிய மரத்தில் நீர் இருக்கும். ஈரத்தோடு கடைந்த கிண்ணம் உலரும்போது கோணும். சில வேளை வெடிக்கும். ஆதலின் கிண்ணத்தை முதலிற் பருமனாகக் கடைந்து, நிழலிற் பல மாதம் உலரவிட்டு, அதன்பின் மீண்டும் பட்டறையில் ஏற்றி இறுதி வடிவம் கொடுப்பர். வாங்குபவர் காண்பது இரண்டாம் முறை கடைந்த ஒரு நாள் வேலையை மாத்திரமே. உலர்வதற்குக் காத்திருந்த மாதங்களும், உலரும்போதே வெடித்துப் பாழான துண்டுகளும் அவர் கண்ணுக்குத் தெரிவதில்லை. கைவினைப் பொருளின் விலையைப் பற்றி எழும் பிணக்குகளிற் பெரும்பாலானவை இங்கேதான் தோன்றுகின்றன.

இக்கலையின் தொன்மைக்குச் சங்க இலக்கியமே சான்று. நெடுநல்வாடையிலே அரசியின் கட்டில் விரிவாக வருணிக்கப்படுகிறது. நாற்பது ஆண்டு நிரம்பிய யானையின் கொம்பினால் அமைந்த அக்கட்டிலின் கால்கள் குடம்போலப் பக்கம் திரண்டும், உள்ளிப்பூண்டுபோல அடி பருத்தும் இருந்தன என்று புலவர் காட்டுகிறார். குடமும் உள்ளியுமாகிய இத்திரட்சி, இன்றும் கட்டிற்கால் கடைபவர் கையில் உருவாகும் வடிவமே. பாடியவராகக் கருதப்படும் நக்கீரரின் பெயர் நிலைத்தது. பாட்டுடைத் தலைவனாகக் கருதப்படும் பாண்டியன் நெடுஞ்செழியனின் பெயரும் நிலைத்தது. கட்டில் செய்தவர் வல்லோன் என்ற அளவிலே நின்றுவிட்டார்.

பிற்காலத்தில் இப்பெயரின்மை கடல் கடந்தும் ஒரு விந்தையை விளைவித்தது. யாழ்ப்பாணத்தை 1658 ஆம் ஆண்டிற் போர்த்துக்கேயரிடமிருந்து கைப்பற்றிய ஒல்லாந்தர், 1795 வரை அதனை ஆண்டனர். அவர்களுடைய வாணிகக் காலத்திலே சோழமண்டலக் கரையிலும் இலங்கையிலும் கருங்காலியாற் கதிரைகளும் கட்டில்களும் செய்யப்பட்டு ஐரோப்பாவுக்குச் சென்றன. கயிறு முறுக்கியதுபோற் கடைந்த கால்களும் தண்டுகளும் அவற்றின் சிறப்பு. 18 ஆம் நூற்றாண்டின் ஆங்கில எழுத்தாளர் ஹோரஸ் வால்போல் இத்தகைய கருங்காலிக் கதிரைகளைக் கண்டு, அவை இங்கிலாந்திலே தியூடர் மன்னர் காலத்திற் செய்யப்பட்டவை என்று நம்பித் தம் மாளிகைக்கு வாங்கினார். பிற்கால ஆராய்ச்சியாளரே அவை கீழைத்தேயக் கைவினைஞரின் ஆக்கங்கள் என நிறுவினர். செய்தவர் பெயர் பொருளோடு செல்லாதபோது, செய்த நாட்டின் பெயரும் தொலைந்துபோகும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

ஈழத்துக் கைவினைஞரை மறதியிலிருந்து மீட்க முயன்றவர்களுள் தலையாயவர் கலாயோகி ஆனந்த குமாரசுவாமி. அவருடைய தந்தையார் சேர் முத்துக்குமாரசுவாமி. பாட்டனார் குமாரசுவாமி முதலியார் வடமராட்சியின் கெருடாவிலைச் சேர்ந்தவர். உடுப்பிட்டியிலிருந்து கெருடாவில் வெகுதூரமன்று. 1877 ஆம் ஆண்டு கொழும்பிற் பிறந்து, இங்கிலாந்தில் வளர்ந்து, இலங்கைக் கனிப்பொருள் ஆய்வுப் பகுதியின் தலைவராய்ப் பணியாற்ற வந்த அவர், பாறைகளை ஆராயச் சென்ற ஊர்களிலே கைவினைஞரையும் கண்டார். கண்டியரசின் மரபில் வந்த சிற்பிகள், கொல்லர், நெசவாளர், அரக்குவேலைக்காரர் ஆகியோரின் தொழில்முறைகளை அவர் நுணுக்கமாகக் குறித்துக்கொண்டார். அக்குறிப்புகள் 1908 ஆம் ஆண்டில் இடைக்காலச் சிங்களக் கலை பற்றிய பெருநூலாக வெளிவந்தன. வில்லியம் மொறிஸ் என்னும் ஆங்கிலக் கலைஞர் பயன்படுத்திய அச்சுப் பொறியிலேயே அந்நூல் 425 பிரதிகள் கையால் அச்சிடப்பட்டது.

அந்நூல் விளக்கும் தொழில்களுள் ஒன்று அரக்குக் கடைச்சல். சுழலும் மரத்தின்மேல் நிறமூட்டிய அரக்குக் கோலை அழுத்தினால், உராய்வின் வெப்பத்தால் அரக்கு உருகி மரத்தின்மேற் படியும். செம்மை, மஞ்சள், பச்சை, கருமை என்னும் நிறங்கள் வளையம் வளையமாக அமையும். மாத்தளைப் பகுதியிலோ, சூடாக்கிய அரக்கை நூலாக இழுத்து, பெருவிரல் நகத்தால் மரத்தின்மேற் பதித்துக் கோலமிடும் மற்றொரு முறை வழங்கியது. இவ்வாறு எழுதி வைத்ததனாலேயே இம்முறைகள் பிற்காலத்தார்க்கு அறியக் கிடைத்தன.

தமிழகத்திலும் கருநாடகத்திலும் இதே அரக்குக் கடைச்சல் பிள்ளைகளின் விளையாட்டுப் பொருள்களாக மலர்ந்தது. திருநெல்வேலி மாவட்டத்து அம்பாசமுத்திரத்திலே, மஞ்சட் கடம்பு போன்ற மரங்களிற் கடைந்த சொப்புச் சாமான்கள் பெயர் பெற்றவை. அடுப்பு, பானை, குடம், உரல் எனச் சிறுமியரின் விளையாட்டு வீட்டுக்கு வேண்டிய யாவும் அதனுள் அடங்கும். கருநாடகத்துச் சென்னபட்டணத்தார் வெட்பாலை மரத்திற் கடைந்து அரக்கூட்டித் தாழை மடலால் மெருகிடுகின்றனர். பிளாஸ்திக்குப் பொம்மைகள் வந்தபோது இரண்டு ஊர்களும் துன்புற்றன. குழந்தை வாயில் வைத்தாலும் தீங்கு செய்யாத பொருள் வேண்டும் என்ற எண்ணம் பெற்றோரிடையே வளர்ந்தபோது மரப்பொம்மைக்கு மீண்டும் மதிப்பு வந்தது. ஆந்திரத்து எட்டிக்கொப்பாக்காவிலே தாவரச் சாயங்களை மீட்டெடுத்த சி. வி. ராஜு, 2023 ஆம் ஆண்டிற் பத்மசிறீ விருது பெற்றார்.

ஆயினும், கடைச்சற்காரர் தம் பெயராலேயே அறியப்பட்டுத் தம் கைப்பொருளைத் தாமே விற்று வாழ்ந்ததற்குத் தமிழரிடையே சிறந்த எடுத்துக்காட்டு நாதஸ்வரம். யாழ்ப்பாணத்துக் கோயில் வீதிகளில் அதன் நாதம் கேளாத திருவிழா இல்லை. அளவெட்டி தந்த தவில் மேதை தட்சிணாமூர்த்தி போன்றோரின் கலை அந்நாதத்தோடு சேர்ந்தே வளர்ந்தது. அந்த நாதஸ்வரம் கடைச்சற் பட்டறையில் உருவாகும் கருவி என்பதைச் சிந்திப்பவர் சிலரே.

கும்பகோணத்தை அடுத்த நரசிங்கம்பேட்டையிலே சில குடும்பங்கள் வழிவழியாக இத்தொழிலைச் செய்து வருகின்றன. அவர்கள் தேடுவது ஆச்சா மரம். அதிலும் புது மரம் உதவாது. பழைய வீடுகளைப் பிரிக்கும்போது கிடைக்கும் தூண்களையும் உத்தரங்களையும் விலைக்கு வாங்குகின்றனர். பல பத்தாண்டு கூரையின்கீழ் உலர்ந்த அம்மரம் இனிக் கோணாது, வெடிக்காது. அதனை உருட்டிக் கடைந்து, நடுவே மேலிருந்து கீழாக விரியும் துளையிட்டு, விரலுக்கு ஏழும் நாதத்தைச் செப்பஞ்செய்ய அடிப்புறத்தே ஐந்துமாகப் பன்னிரண்டு துளைகள் அமைக்கின்றனர். துளையின் விட்டம் நூலளவு மாறினாலும் சுரம் மாறிவிடும். ஆதலால் வித்துவான்கள் பட்டறைக்கு நேரே வந்து, ஊதிப்பார்த்து, குறை சொல்லி, திருத்தி வாங்கிச் செல்வர். திருவாவடுதுறை இராஜரத்தினம் பிள்ளை நெடிய பாரி நாதஸ்வரத்தைக் கையாண்டு புகழ்பெற்றபோது, அதனைச் செப்பமுற ஆக்கிக் கொடுத்த நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரியின் பெயரும் இசையுலகில் நிலைத்தது. 2022 ஆம் ஆண்டில் நரசிங்கம்பேட்டை நாதஸ்வரத்துக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது.

கட்டிற்கால் கடைந்தவர் மறக்கப்பட, நாதஸ்வரம் கடைந்தவர் நினைக்கப்பட்டமைக்குக் காரணம் திறமையின் ஏற்றத்தாழ்வன்று. நாதஸ்வரத்தை வாங்குபவர், செய்தவரைத் தேடி வந்தார்; நல்லதையும் அல்லதையும் பிரித்தறியும் செவி அவருக்கு இருந்தது. அறிந்து வாங்குபவர் உள்ள இடத்திலேதான் கைவினைஞரின் பெயரும் வாழ்வும் நிலைக்கின்றன.

மேலைநாட்டு அனுபவமும் இதனையே காட்டுகிறது. இங்கிலாந்தின் பெர்க்சயர் பகுதியிலே, ஜோர்ச் லெய்லி என்பவர் மரக்கொம்பின் விசையால் இயங்கும் பழைய பட்டறையில், ஒரே மரத்துண்டிலிருந்து ஒன்றனுள் ஒன்றாகப் பல கிண்ணங்களைக் கடைந்தெடுத்தார். அவர் 1958 ஆம் ஆண்டில் மறைந்தபோது தொழிலைத் தொடர மாணவர் எவரும் இல்லை. ஆனால் அவருடைய பட்டறையும் உளிகளும் றெடிங் நகர நூதனசாலையிற் பேணப்பட்டன. பல்லாண்டின் பின் றொபின் வூட் என்பவர் அவ்வுளிகளை ஆராய்ந்து, அவைபோன்ற உளிகளைத் தாமே அடித்து, அக்கலையை மீளப் பயின்றார். அமெரிக்காவிலோ பொப் ஸ்டொக்ஸ்டேல் போன்றோர், தாமே வடிவமைத்துத் தாமே கடைந்து, அடிப்புறத்தே தம் பெயரையும் மரத்தின் பெயரையும் பொறித்து விற்றனர். தனிப் பட்டறைக் கலைஞர் என்னும் புதிய வாழ்க்கைமுறை இவ்வாறு தோன்றியது.

வடமராட்சியின் நிலை வேறு. போர்க்காலத்திலே பதுங்கு குழிகளுக்கும் காவலரண்களுக்குமாக எண்ணற்ற பனைகள் வீழ்த்தப்பட்டன. பழைய வீடுகள் பல இடிந்தன. பல பூட்டிக் கிடந்து சிதைந்தன. 2009 ஆம் ஆண்டிற் போர் முடிந்தபின் எழுந்த புதிய வீடுகளில் சீமெந்தும் இரும்பும் அலுமினியமும் மரத்தின் இடத்தைப் பெருமளவு பிடித்துக்கொண்டன. மின்சாரத்தாற் சுழலும் பட்டறையில் இப்பொழுது கயிறு இழுப்பவர் தேவையில்லை. ஆனால் ஒரே அச்சிலே ஆயிரம் கால்களை வார்த்துத் தள்ளும் தொழிற்சாலையோடு விலையிற் போட்டியிட எந்தக் கைவினைஞராலும் இயலாது. போட்டியிட வேண்டிய களமும் அதுவன்று.

உடுப்பிட்டியிலும் அயலூர்களிலும் பழைய வீடொன்று பிரிக்கப்படும்போது, நூறாண்டு உலர்ந்த வேப்பந் தீராந்தியும் பனை வளையும் விறகு விலைக்குப் போகலாம். நரசிங்கம்பேட்டையார் தேடி அலைவது இத்தகைய முதிர்ந்த மரத்தையே. பாட்டனார் கட்டிய வீட்டின் வளையிலிருந்து கடைந்த ஒரு கிண்ணமோ, ஒரு மத்தோ, ஒரு பம்பரமோ கடல் கடந்து வாழும் பேரப்பிள்ளையின் கையை அடையுமானால், அதன் பெறுமதியை எந்தத் தொழிற்சாலையும் குறைக்க முடியாது. அதன் அடியிலே ஊரின் பெயரும் மரத்தின் பெயரும், கடைந்தவரின் பெயரும் பொறிக்கப்பட்டிருத்தல் வேண்டும். நெடுநல்வாடைக் கட்டிலைச் செய்த கம்மியருக்கும், கருங்காலிக் கதிரையைக் கடைந்தவருக்கும் கிடைக்காத அந்த நீதியை, இன்று பட்டறையில் உளி பிடிக்கும் இளைஞருக்கு வழங்குவது வாங்குபவரின் கையிலேதான் இருக்கிறது.