அறுபது விநாடி

வேலைக்கு நடுவில் விண்டோஸ் தானாக ரீஸ்டார்ட் ஆனால் நாம் மைக்ரோசாஃப்டைத் திட்டுகிறோம். திட்டலாம், தப்பில்லை. ஆனால் கவுன்ட்டவுன் போட்டு மெஷினைப் பிடுங்கும் இந்த வித்தையை எங்கள் தலைமுறைக்கு முதலில் காட்டியது அப்டேட் அல்ல, ஒரு வார்ம்.

2003 ஆகஸ்ட் 11 அன்று பிளாஸ்டர் பரவ ஆரம்பித்தது. அட்டாச்மென்ட் எதையும் திறக்க வேண்டாம், இணையத்தில் இருந்தாலே போதும். விண்டோஸின் ஆர்பிசி என்ற சேவையில் இருந்த ஓட்டை வழியாக உள்ளே வரும். வரும் அவசரத்தில் பல சமயம் அந்தச் சேவையையே சாகடித்துவிடும். ஆர்பிசி செத்தால் மெஷினை ரீஸ்டார்ட் செய் என்பது எக்ஸ்பியிலேயே எழுதியிருந்த விதி. அதனால் திரையில் ஒரு பெட்டி தோன்றி, 60 விநாடியில் அணைக்கப்போகிறேன், சேமித்துக்கொள் என்று எண்ண ஆரம்பிக்கும்.

அப்போது நான் பள்ளி மாணவன். நான் போகும் பிரவுசிங் சென்டரில் பெட்டி வந்ததும் யாராவது "அண்ணே, வந்துருச்சு!" என்று கத்துவார்கள். கவுன்ட்டரில் இருக்கும் அண்ணன் ஓடிவந்து கறுப்புத் திரையைத் திறந்து, ஷட்டவுன் கட்டளையோடு ‘ஏ’ என்ற ஓர் எழுத்தைச் சேர்த்து அடிப்பார். எண்ணிக்கை நின்றுவிடும். வார்ம் நிற்காது.

அந்த ஓட்டைக்கான பேட்ச் ஜூலை 16-ஆம் தேதியே வந்துவிட்டது. 26 நாள் இருந்தும் கோடிக்கணக்கானவர்கள் போட்டுக்கொள்ளவில்லை. அதே ஆண்டு ஜனவரியில் வந்த ஸ்லாமர் இன்னும் மோசம். அதற்கான மருந்து ஆறு மாதம் முன்பே தயாராக இருந்தது. பிளாஸ்டருக்கு இன்னொரு திட்டமும் இருந்தது. ஆகஸ்ட் 16 அன்று எல்லா மெஷின்களும் சேர்ந்து விண்டோஸ் அப்டேட்டின் முகவரியைத் தாக்க வேண்டும். மருந்துக்கடையையே கொளுத்தும் யோசனை. மைக்ரோசாஃப்ட் அந்த முகவரியையே கைவிட்டுத் தப்பித்தது.

பேட்சை வெளியிட்டால் மட்டும் போதாது என்பது நிறுவனத்துக்குப் புரிந்தது. அக்டோபர் முதல் மாதத்தின் இரண்டாம் செவ்வாய் பேட்ச் நாள் ஆனது (அமெரிக்காவில் செவ்வாய் காலை என்பதால் நமக்கு அன்று இரவு). 2004 ஆகஸ்டில் வந்த எக்ஸ்பி சர்வீஸ் பேக் 2, முழுத்திரையில் நின்று, தானியங்கி அப்டேட்டை இயக்கவா என்று கேட்டது. இயக்கினால், நிறுவும் நேரம் அதிகாலை 3 மணி. நம்மூரில் எந்த வீட்டில் அதிகாலை 3 மணிக்குக் கம்ப்யூட்டர் ஓடியது? பகலில் ஆன் செய்ததும் வேலை ஆரம்பிக்கும். பிறகு ‘லேட்டர்’ என்றால் 10 நிமிடத்துக்கு ஒருமுறை திரும்பவும் கேட்கும். நச்சரிப்புதான், ஆனாலும் கேட்டது.

ரீஸ்டார்ட் எதற்கு? ஓடிக்கொண்டிருக்கும் ஒரு நிரலின் ஃபைலை மாற்ற விண்டோஸ் பொதுவாக விடாது, பூட்டிவைக்கும். லினக்ஸில் பழைய ஃபைல் ஓடும்போதே அதே பெயரில் புதியதை வைத்துவிடலாம். பழையதைப் பிடித்திருக்கும் நிரல் மூடும்வரை அதோடே ஓடும். கெர்னலையே மாற்றினால் மட்டும் அங்கும் பொதுவாக ரீஸ்டார்ட்தான். அப்டேட்டில் பெரும்பாலானவர்களுக்கு வெறுப்பில்லை. திறந்து வைத்த இருபது டேபும், சேமிக்காத பாதிப் பத்தியும் போவதுதான் வயிற்றெரிச்சல்.

2015 ஜூலை 29 அன்று வந்த விண்டோஸ் 10, ஹோம் பதிப்பில் அப்டேட்டை அணைக்கும் பொத்தானையே எடுத்துவிட்டது. கம்பெனிகள் வாங்கும் பதிப்புகளில் தள்ளிப்போட வழி இருந்தது. அதாவது, புதிய அப்டேட்டை முதலில் சோதித்துப் பார்க்கும் வேலை வீட்டுக்காரர்களுக்கு. இது அநியாயம் என்றே இன்றும் நினைக்கிறேன். கலிஃபோர்னியாவில் டிராவல் ஏஜென்சி நடத்திய ஒரு பெண், விண்டோஸ் 10 தன் அனுமதியில்லாமல் இறங்கி அலுவலகக் கணினியைக் கெடுத்தது என்று வழக்குப் போட்டு 10,000 டாலர் வாங்கினார்.

கொஞ்சம் இறங்கிவந்தார்கள். 2016-ல் ‘ஆக்டிவ் ஹவர்ஸ்’ வந்தது: இந்த நேரத்தில் தொடாதே என்று நாம் சொல்லலாம். அது தானாக வைத்திருந்த நேரம் காலை 8 முதல் மாலை 5 வரை. சென்னையில் இரவு ஷிப்டில் உட்கார்ந்திருப்பவனை யார் நினைத்தார்கள்? அடுத்த ஆண்டு அந்த எல்லை 18 மணிநேரம் ஆனது.

அதே 2017-ல் மே 12 அன்று வான்னகிரை வந்தது. பேட்ச் மார்ச் 14-லேயே தயார். மறுபடியும் இரண்டு மாத இடைவெளி. இங்கிலாந்தின் அரசு மருத்துவமனைகளில் 19,000-க்கும் மேற்பட்ட நோயாளிச் சந்திப்புகள் ரத்தானதாக அங்கே கணக்கிட்டார்கள். பிறகும் பேச்சு ஓயவில்லை. 2019-ல் ஹோம் பதிப்புக்காரர்களும் 35 நாள்வரை நிறுத்திவைக்கலாம் என்று விட்டார்கள். 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்ட்ரைக்கின் பாதுகாப்பு மென்பொருளுக்குத் தானாக இறங்கிய ஒரு அப்டேட், சுமார் 85 லட்சம் விண்டோஸ் மெஷின்களை நீலத்திரையில் படுக்கவைத்தது. எந்த வார்மும் தேவைப்படவில்லை.

இரவு ஷிப்டு பார்க்கும் என் நண்பன் ஆக்டிவ் ஹவர்ஸை மாலை 4 முதல் மறுநாள் காலை 10 வரை வைத்திருக்கிறான். சரியாகப் பதினெட்டு மணிநேரம். காலை 10 மணிக்கு லேப்டாப்பைச் சார்ஜரில் போட்டு, மூடாமல் விட்டுவிட்டுத் தூங்கப் போகிறான்.